வீடா, ஆஸ்பத்திரியா?

“அந்தச் செவ்வாக்கிழம நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல ஸிஸ்டர். ஞாபகம் வெச்சுக்க.”

கலாக்கா இதைச் சொன்னபோது அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். கட்டில் ஓரத்தில் நான் தலைமுதல் கால்வரை வெள்ளைக் கவச உடையில் நின்றிருந்தேன். நெஞ்சில் மார்க்கர் பேனாவால் என் பெயரை இந்தியில் எழுதி வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது யாரென்று எங்களுக்கே அடையாளம் தெரியாது.

கண்ணுக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதன் வழியே கலாக்காவின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. அழுகிறாரா, வேர்க்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கையில் ஒரு படிவம். ஊழியர் யாருக்காவது தொற்று வந்தால் நான் நிரப்பிக் கொடுக்க வேண்டியது. அதன் கடைசிக் கேள்வி, தொற்று எங்கிருந்து வந்தது என்பது. அதற்கு எதிரே இரண்டே கட்டங்கள். ஒன்று வீடு. இன்னொன்று ஆஸ்பத்திரி. ஒன்றில் டிக் போட வேண்டும்.

“வீடுன்னு போடு. அவருக்குத்தான் மொதல்ல காய்ச்சல். அவர்ட்டருந்துதான் எனக்கு வந்துச்சு. அப்படியே எழுது.”

‘அவர்’ என்றது அவருடைய கணவர் மாணிக்கத்தை. வேறொரு ஆஸ்பத்திரியில் அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கலாக்கா பார்க்கவில்லை. தகனம் எப்போது நடந்தது என்பதைக்கூட மகள் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

நான் எதிலும் டிக் போடவில்லை. படிவத்தை அதன் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

‘ஹாத் தோ’ ஸிஸ்டர்

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை சரியாகச் சொல்லவில்லை. நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஊசி போடுவதில்லை, டிரிப் ஏற்றுவதில்லை. மற்றவர்கள் கை கழுவினார்களா, ஊசியைச் சரியான டப்பாவில் போட்டார்களா, எந்த வார்டில் யாருக்குப் புண் சீழ் பிடித்தது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே திரிய வேண்டும்.

அந்த வேலையில் இருப்பவளை யாருக்கும் பிடிக்காது. நான் வார்டுக்குள் நுழைந்தால் “ஹாத் தோ ஸிஸ்டர் வந்தாச்சு” என்று இந்தியில் கிசுகிசுப்பார்கள். கை கழுவு ஸிஸ்டர் என்று அர்த்தம். பெரிய டாக்டர்கள் என் தலையைக் கண்டதும் குழாயைத் திறந்து, நான் போனதும் மூடிவிடுவார்கள்.

நான் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமாகிப் புனே வந்தேன். கணவர் சிவகுமாருக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆனால் என் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஔந்தில் வீடு எடுத்தோம்.

அந்த ஆஸ்பத்திரியில் முதல் நாளே என்னிடம் தமிழில் பேசியவர் கலாக்கா. வார்டில் பெருக்கித் துடைத்து, படுக்கையை மாற்றி, நோயாளிகளுக்கு மலச் சட்டி வைத்து எடுக்கும் பெண்களைப் புனேயில் ‘மாவ்ஷி’ என்பார்கள், சித்தி என்று பொருள். கலாக்கா இருபது வருடமாக மாவ்ஷி. புனேயிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பக்கத்துக் கட்கித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குடும்பம்.

“கோலிக்கு வா, சா குடிக்கலாம்” என்று அன்றைக்குக் கூப்பிட்டார். கோலி விளையாடவா கூப்பிடுகிறார் என்று முழித்தேன். கோலி என்றால் மராத்தியில் அறை, சா என்றது டீயை. அவருடைய தமிழில் பாதி இப்படித்தான் இருக்கும். சின்னவர், பெரியவர், டாக்டர், நர்ஸ், எல்லாருமே அவருக்கு ‘நீ’. முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு, அவர் என்றைக்காவது ‘நீங்க’ என்று சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவரிடமே கேட்டேன்.

“தமிழ்லதான எழுதுற? எழுது. எங்க வீட்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது” என்றார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பட்டியல் போட்டவள்

கொரோனா வந்த முதல் கோடை. இரண்டாவது மாடியை அந்த நோயாளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். அதுவரை யாரும் கவனிக்காத என்னை ஒரு நாளைக்கு நாற்பது பேர் தேடினார்கள். “ஸிஸ்டர், இந்த மாஸ்க் போதுமா? ஸிஸ்டர், செருப்பைக் கழுவணுமா? ஸிஸ்டர், பேனாவை என்ன செய்ய?”

எனக்கு என்ன தெரியும்? காலையில் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரும். அதைப் படித்து எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். மத்தியானம் இன்னொரு தாள் வரும். காலையில் சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்ல வேண்டும். கையுறை இரண்டு போடு என்றோம், பிறகு ஒன்று போதும் என்றோம். தலையில் மருந்தடிக்கும் கூண்டு ஒன்றை வாசலில் வைத்தோம், ஒரே வாரத்தில் அதைத் தூக்கி மூலையில் போட்டோம். நான் சொல்வதை நானே நம்புகிறேனா என்று யோசிக்க நேரமில்லை.

என்-95 மாஸ்க் அப்போது தங்கம் மாதிரி. அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். யாருக்கு எது என்று பட்டியல் போடச் சொன்னது எங்கள் எம்.எஸ். மேடம், அதாவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் தலைமை டாக்டர். போட்டது நான். நோயாளியின் வாயருகே வேலை செய்யும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் என்-95. துடைக்கிற, துணி மாற்றுகிற மாவ்ஷிகளுக்கு மூன்றடுக்குத் துணி மாஸ்க்.

பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது கலாக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் படம் போட்டிருந்தேன்.

“எங்களுக்கு ஏன் அந்தக் கிண்ணம் மாதிரி மாஸ்க் இல்ல?”

“கலாக்கா, இது எச்சில் துளியாத்தான் பரவுது. ஆறடிக்கு மேல போகாது. டாக்டருங்க வாய்க்குள்ள குழாய் விடுறாங்க, அதனால அவங்களுக்கு. நீங்க தள்ளி நின்னு துடைக்கிறீங்க. உங்களுக்கு இது போதும்.”

“சட்டி எடுக்கறப்ப தள்ளியா நிக்கிறேன்?”

“இப்படித்தான் எழுதியிருக்காங்க” என்றேன். யார் எழுதியிருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பொய் சொன்னதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. உண்மையிலேயே நான் நம்பினேன். இன்றைக்கு யோசித்தால், நம்பினேனா, இல்லை அலமாரியில் இருந்ததற்கு ஏற்றபடி நம்பிக்கொண்டேனா என்று குழப்பமாக இருக்கிறது.

மூச்சு முட்டும் அறை

வார்டிலிருந்து வெளியே வருகிற இடத்தில், கவச உடையைக் கழற்ற ஒரு சின்ன அறையை ஒதுக்கியிருந்தோம். முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்த அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி. கழற்றியதையெல்லாம் அதில் முக்க வேண்டும்.

ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்துவிட்டு வரும் நர்ஸ்கள் அந்த ஹைப்போ நெடியில் தலை சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பெண் மயங்கியே விழுந்தாள். உடையைக் கழற்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது என் பாடம். அந்த நேரத்தில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும்?

நான் எம்.எஸ். மேடத்திடம் போய் நின்றேன். ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே மிஸ்திரி வந்தார். சுவரில் ஓட்டை போட்டு ஃபேனை மாட்டினார். கெட்ட காற்று பின்பக்கச் சந்துக்குப் போய்விடும் என்றார். நர்ஸ்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ‘ஹாத் தோ’ என்று சொல்வது நின்றுவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

காது மடலில் வெளிச்சம்

பத்துப் பதினைந்து நாளில் மாவ்ஷிகளில் முதல் ஆளுக்குக் காய்ச்சல். பிறகு இன்னொருவருக்கு. அப்புறம் மூன்றாவது. நர்ஸ்களில் ஒருவருக்கும் இல்லை.

“போபோடி மாதிரி நெருக்கமான இடங்களிலிருந்து வருகிறார்கள். பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். வீட்டிலிருந்துதான் வந்திருக்கும்” என்றார் எம்.எஸ். மேடம். அவர் கெட்டவர் இல்லை. அந்த நாளில் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். மீதிப் பாதி, மாவ்ஷிகள் உடையைச் சரியாகக் கழற்றுவதில்லை என்று நினைத்தேன்.

அதனால் ஒரு சோதனை வைத்தேன். சில துணி சோப்புத் தூள்கள் புற ஊதா ஒளியில் நீலமாகப் பளபளக்கும். அதைக் கரைத்து உடைகளின் மேல் தெளித்தேன். கள்ள நோட்டு பார்க்கிற சின்ன டார்ச் ஒன்றைக் கேஷ் கவுன்ட்டரில் இரவல் வாங்கினேன். ஒவ்வொருவராக உடையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி, விளக்கை அணைத்து, டார்ச்சை அடித்தேன். எங்கே பளபளக்கிறதோ அங்கே தொற்று ஒட்டியிருக்கலாம்.

கலாக்காவின் மணிக்கட்டில் ஒரே ஒரு புள்ளி, மற்ற மாவ்ஷிகளுக்கும் அப்படித்தான். நர்ஸ்களில் சிலருக்குக் கழுத்தெல்லாம் வெளிச்சம்.

“இப்ப உனக்கு” என்று கலாக்கா டார்ச்சை என் கையிலிருந்து வாங்கினார். என் இடது காது மடல், அதன் பின்பக்கம், தலைமுடி ஓரம், எல்லாம் திருவிழா மாதிரி மின்னியது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் பாடம் எடுத்தவள் நான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டியிருந்த நர்ஸ்கள் நன்றாக இருக்கிறார்கள். சுத்தமாகக் கழற்றுகிற மாவ்ஷிகளில் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். அப்படியானால் என் பாடத்தில் எதுவோ தப்பு. எது என்று மட்டும் பிடிபடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை

சோதனை முடிந்த அடுத்த வாரம். படிக்கட்டருகே கலாக்கா என்னை நிறுத்தினார்.

“ஸிஸ்டர், தொண்டையில முள்ளு மாதிரி இருக்கு.”

“இருமல் இருக்கா? காய்ச்சல்?”

“இல்ல. முள்ளு மட்டுந்தான்.”

அன்றைக்கு மூன்று பேர் லீவு. கலாக்காவும் போனால் வார்டைத் துடைக்க ஆளில்லை. “ஹைப்போ நெடியா இருக்கும். சுடுதண்ணி குடிங்க. நாளைக்கும் இருந்தா சொல்லுங்க” என்றேன்.

மறுநாள் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாணிக்கத்துக்குக் காய்ச்சல் என்று கலாக்கா லீவு சொன்னார். மாணிக்கம் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன். திங்கட்கிழமை இருவருக்குமே தொற்று உறுதியானது. எங்களிடம் ஒரே ஒரு கட்டில் காலி. ஊழியர் என்பதால் அது கலாக்காவுக்குக் கிடைத்தது. மாணிக்கத்தை ஆம்புலன்ஸில் வேறிடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் நான்கு நாள். கலாக்காவுக்கு முதலில் வந்து, அவரிடமிருந்து கணவருக்குப் போனது என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். அந்த முள்ளைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் அவர் வீடு என்று போடச் சொன்னார். ஆஸ்பத்திரி என்று நான் டிக் போட்டால், தன் கணவருக்கு எமனைக் கொண்டுபோனது அவரே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல. வீடு என்று போட்டால், நாலாவது ஆளுக்கும் போபோடியிலிருந்துதான் வந்தது, ஆஸ்பத்திரியில் எதையும் மாற்ற வேண்டாம் என்று ஆகிவிடும். மீதியிருக்கும் மாவ்ஷிகள் அதே துணி மாஸ்க்கோடு நாளைக்கும் வருவார்கள்.

ஊதுவத்திப் புகை

நான்கைந்து நாளில் கலாக்காவுக்கு மூச்சு கொஞ்சம் தேறியது. கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“ஒரு வாஸும் தெரியல ஸிஸ்டர். இது கஞ்சியா தண்ணியான்னே தெரியல. முன்ன எங்க கோலியில சா குடிக்க உக்காந்தா உன் ஹைப்போ நெடி மூக்கப் பொசுக்கும். இப்ப அதக் கொண்டாந்து வெச்சாக்கூட தெரியாது.”

“உங்க கோலில எப்படி ஹைப்போ நெடி வரும்? அது அந்தப் பக்கம் இருக்கே.”

“எனக்கென்ன தெரியும்? புதுசா பங்கா மாட்டுனதுலருந்து வருது. ஜன்னல் வழியா.”

பங்கா என்றால் ஃபேன். மாவ்ஷிகளின் அறைக்கு நான் போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அங்கேதான் அவர்கள் டிபன் டப்பாவைத் திறப்பார்கள், டீ குடிப்பார்கள். மாஸ்க்கை இறக்கிவிட்டு அரை மணி நேரம் மூச்சு விடும் ஒரே இடம் அதுதான். அன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் குறுகலான சந்து. கை எட்டும் தூரத்தில், எதிர்ச் சுவரில், நான் கேட்டு வாங்கிய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வார்டின் பிரார்த்தனை மாடத்திலிருந்து ஒரு ஊதுவத்தியை எடுத்து வந்தேன். உடை கழற்றும் அறையில் அதைக் கொளுத்தி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து ஜன்னலருகே நின்றேன். முதலில் மல்லிகை வாசம் வந்தது. பிறகு மெல்லிய நூல் மாதிரி புகையே ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, டீ குடிக்கும் பெஞ்சின் மேல் படர்ந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று குழம்பினேன். ஆறடிக்கு மேல் போகாது என்றல்லவா தாளில் எழுதியிருக்கிறது? சுவரைத் தாண்டி வருவது புகைதானே, நோய் இல்லையே? நான் படித்ததை நம்புவதா, கண்ணால் பார்ப்பதை நம்புவதா? இந்த நோய் காற்றிலும் மிதந்து பரவும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது ரொம்பப் பின்னால். அன்றைக்கு அதைச் சொன்னால் ‘பதற்றத்தைக் கிளப்பாதே’ என்பார்கள்.

எம்.எஸ். மேடத்தைக் கூப்பிட்டு வந்தேன். இன்னொரு வத்தி கொளுத்தினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, புகை தன் மடியில் இறங்குவதைப் பார்த்தார்.

“புகை வைரஸ் இல்லை, ஜெயந்தி” என்றார் ஆங்கிலத்தில்.

“தெரியும் மேடம்.”

அவர் எழுந்து ஜன்னல் வழியே ஃபேனை எட்டிப் பார்த்தார். பிறகு, “ஃபேனை நிறுத்து. இந்த அறையைப் பூட்டு. மொட்டை மாடியில் ஒரு பந்தல் போட்டு அங்கே சாப்பிடச் சொல்” என்றார். கதவருகே நின்று திரும்பினார். “எல்லாருக்கும் என்-95 வேண்டுமென்றால் நான் மேலே கேட்க வேண்டும். அதற்கு, இங்கேதான் தொற்றியது என்று காட்டும் பேப்பர் வேண்டும். நாலு படிவத்தையும் நிரப்பிக் கொடு.”

நான்காவது படிவம்

மறுநாள் எனக்கு ஓய்வு. வீட்டில் நான் தனி அறையில் இருந்தேன். சிவகுமார் சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு, ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்து பேசிக்கொள்வோம். அவர் வேலை, கம்பெனி மென்பொருளில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது.

“ஏங்க, நாலு படிவம் இருக்குது. மூணுல ஆஸ்பத்திரின்னு போட்டுட்டேன். நாலாவதுல என்ன போடறதுன்னு தெரியலைங்க.”

முழுக் கதையையும் சொன்னேன். தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது.

“எங்க வேலையில காரணம் தெரியலைன்னு ஒரு கட்டம் இருக்கும் கண்ணு.”

“இதுல இல்லைங்க.”

“அப்ப அந்தப் படிவம் போட்டவன் சரியில்ல.”

“அது சரிங்க. நான் என்ன போடட்டும்?”

“எனக்குத் தெரியலையே” என்றார். அவரும் என்னைப் போலத் தட்டைக் கிளறினாரே தவிர சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று பகல் முழுக்க அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருட வேலையில் நான் பொய்யாக எதையும் குறித்ததில்லை. அதுதான் என் வேலையே. பார்த்ததை எழுதுவது. ஆனால் நான் எதைப் பார்த்தேன்? தொண்டையில் முள் இருப்பதாக ஒருவர் சொன்னதைக் கேட்டேன். சில பேருக்கு இந்த நோய் ஒரு அறிகுறியும் இல்லாமல் வந்து போகிறது என்றும் அப்போது சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மாணிக்கம் நாள் முழுக்கக் கேட்டைத் திறந்து மூடியவர். ஒருவேளை அவருக்கு முன்னாலேயே இருந்திருக்கலாம். ஒருவேளை.

அந்த ஒருவேளையை நான் நம்ப விரும்பினேன். விரும்பியதால்தான் நம்பினேனா?

வீடு என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

எம்.எஸ். மேடம் நான்கையும் புரட்டினார். “ஒரே அறை, ஒரே நாட்கள். மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, ஒருவருக்கு மட்டும் வீட்டிலிருந்தா?”

“அவர் கணவருக்கு முதலில் வந்தது மேடம்.”

“நிச்சயமா?”

“நிச்சயம்.”

என் முகத்தைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான். அவருக்கு என்ன தெரிந்ததோ தெரியாது. கையெழுத்துப் போட்டார்.

மாஸ்க் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் இன்னொரு மாவ்ஷிக்குக் காய்ச்சல் வந்தது. நல்லவேளை, லேசாகப் போய்விட்டது. நான்கு படிவமும் ஒரே மாதிரி இருந்திருந்தால் மேலே சீக்கிரம் அசைந்திருப்பார்களா? தெரியாது. அதற்குப் பிறகு அந்த மாடியில் மாவ்ஷிகள் யாருக்கும் கொத்தாக வரவில்லை. அது மாஸ்க்காலா, ஃபேனை நிறுத்தியதாலா, மொட்டை மாடிக் காற்றாலா? அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சால்வை

அலைகள் ஓய்ந்து, மாஸ்க் இல்லாமல் முகங்களைப் பார்க்கப் பழகிய பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு விழா வைத்தார்கள். பணியின்போது தொற்றுக்கு ஆளானவர்களை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தித் தேங்காய் கொடுக்கும் விழா. பெயர்ப் பட்டியலை என் படிவங்களிலிருந்து எடுத்தார்கள். கலாக்காவின் பெயர் அதில் இல்லை. அவர் படுத்திருந்த நாட்களும் சாதாரண லீவாகத்தான் கழிந்திருந்தன.

அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கை தட்டினார். தன் கூட்டாளி மாவ்ஷி மேடையேறியபோது விசில்கூட அடித்தார். எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

விழா முடிந்து பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். புங்க மரத்தடியில் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“கலாக்கா, உங்க பேரும் வந்திருக்கணும்.”

“அந்தச் சால்வய வெச்சு நான் என்ன பண்ண? வெயில்ல போத்திக்கவா?”

“அதுக்கில்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஃபேன், உங்க ஜன்னலுக்கு எதுக்க இருந்ததே, அதை மாட்டச் சொன்னது நான்தான்.”

அவர் வாரை மாட்டி முடித்தார். மற்ற செருப்பையும் கழற்றி, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

“தெரியும். மிஸ்திரி அப்பவே சொன்னான்.”

“அப்பவேன்னா?”

“நான் டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒடனே. ஏன் கோலியப் பூட்டிட்டாங்கன்னு கேட்டேன். சொன்னான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க.”

“கேக்கணும்னுதான் வந்தேன். நாலஞ்சு தடவ உன் ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். அவ்வளவு கோவம். ஒன் மொகத்தப் பாத்தாலே ஒடம்பு எரியும். நீ கவனிச்சியா, ரெண்டு மாசம் ஒன்னய நீங்க வாங்கன்னேன்.”

கவனித்திருந்தேன். துக்கத்தில் அப்படி மாறிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

“அப்புறம் எப்படிப் போச்சு?”

“போச்சுன்னு யார் சொன்னா?” என்றார். பிறகு, “தினம் வேலைக்கு வரணும். தினம் ஒன்னயப் பாக்கணும். எத்தன நாளைக்கு மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்க முடியும்?” என்றார்.

ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் போனார். கலாக்கா அந்தப் பக்கம் பார்க்காமல், என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“ஸிஸ்டர், நீ இதுலதான் படிச்சிருக்க. எனக்கு ஒண்ணு சொல்லு. அவருக்கு நான்தான குடுத்தேன்?”

“தெரியலக்கா” என்றேன்.

“நெசமாவே தெரியலயா? இல்ல, எனக்காகச் சொல்றியா?”

வாயைத் திறந்தேன். அறிகுறி இல்லாமல் வரும் தொற்றைப் பற்றி, வாட்ச்மேன் வேலையைப் பற்றி, நாட்களை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதைப் பற்றி, சொல்ல நிறைய இருந்தது. எல்லாமே உண்மைதான். ஆனால் அதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தது யாருக்காக என்று யோசித்தபோது சொல் எழவில்லை. அவர் கேட்ட இரண்டில் எது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கலாக்கா காத்திருந்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, கட்டையில் எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.